பினாங்கு போகிறவர்கள் கவனத்துக்கு

சிதம்பரம்,
28.7.2025

கடலூர் மஞ்சக்குப்பம் ஜனாப் அ. ஜமாலுதீன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒன்பது வருடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று பேசப் போகிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட உங்களுக்கு முழு உரிமை உண்டு. அடுத்த பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கிழியுங்கள். அதன் பிறகு எத்தனை துண்டாகக் கிழித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

உங்கள் மனைவியும் என் கூடப்பிறந்த லாத்தாவுமாகிய மலிகாவின் பாஸ்போர்ட் 2026 ஜனவரி 18-ஆம் தேதியோடு முடிகிறது. உங்கள் இளைய மகள் ஃபர்ஹீன் கல்யாணம் பினாங்கில் செப்டம்பர் 14. நடுவில் நான்கு மாதம் இருக்கிறதே என்று நினைக்கிறீர்கள். மலேசியாவில் போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருச்சி விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கவுண்டரில் இருக்கும் பெண் சிரித்த முகமாகத்தான் சொல்வாள். ஆனால் விட மாட்டாள். பெண்ணைப் பெற்றவள் திருச்சியிலிருந்து வேனில் தனியாகக் கடலூருக்குத் திரும்புவாள். நிக்காஹ் பினாங்கில் நடக்கும். இன்னும் நேரம் இருக்கிறது. இந்த வாரமே தட்கலில் விண்ணப்பம் போட்டால் பெரும்பாலும் பத்து நாளில் புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும். பழையதில் முதுநகர் வீட்டு முகவரி இருக்கிறது. நீங்கள் மஞ்சக்குப்பத்துக்கு மாறி ஆறு வருடம் ஆகிறது. ஆதாரில் இருக்கிறபடி எழுதுங்கள். டிக்கெட்டில் பழைய எண் கொடுத்திருந்தால் புது எண்ணை மாற்றச் சொல்லுங்கள். அவ்வளவுதான். இனி கிழிக்கலாம்.

கிழிக்கவில்லை என்றால் மேலே எழுதுகிறேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் நிரப்பியவனே நான்தான். நீங்கள் இருவரும் உம்ரா போவதற்காக எடுத்தது. உங்களுக்கு ஐஸ் பாக்டரியை விட்டு வர முடியவில்லை. லாத்தாவைச் சென்னைக்கு அழைத்துப்போனது நான். போட்டோ எடுக்கும்போது முக்காட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னார்கள், நெற்றி தெரிய வேண்டுமாம். "என் மூஞ்சிய பாக்க கவர்மென்டுக்கு என்னடா தம்பி இவ்ளோ ஆசை" என்று லாத்தா என்னிடம் கேட்டாள். அந்தப் போட்டோ எடுக்கும் பெண் சிரித்துவிட்டாள், அதைப் பார்த்து லாத்தாவும் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று திரும்பத் திரும்ப எடுத்து நாலாவது தடவைதான் சரியாக வந்தது. பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருப்பாள். அது தபாலில் வந்த அன்றே முடியும் தேதியை என் நோட்டில் குறித்து வைத்தேன். நான் எதையும் குறித்து வைக்கிறவன். உங்களுக்கு என்னிடம் பிடிக்காததே அதுதான்.

முதலில் ரூமானா மூலமாகச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் மூத்த மகள் பினாங்கிலிருந்து மாதம் ஒரு தடவை எனக்குப் போன் செய்கிறாள். தெரியாதவர் போல நீங்கள் இருக்கிறீர்கள். நான் சொன்னதை அவள் தானே கண்டுபிடித்த மாதிரி உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். அதற்கு நீங்கள் அனுப்பிய குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினாள். "ஜனவரி வரைக்கும் டேட்டு இருக்கு புள்ள. நான் துபாயி, சிங்கப்பூருன்னு எத்தன தடவ போயி வந்திருக்கேன், எனக்கே பாடமா? இத யாரு சொல்லிக் குடுத்து நீ பேசுறேன்னு எனக்குத் தெரியும். அவுங்க அவுங்க வேலைய பாக்கச் சொல்லு." நீங்கள் போய் வந்ததெல்லாம் புதுப் பாஸ்போர்ட்டில் மச்சான். அதனால் ஒருவரும் உங்களைத் தேதி கேட்டிருக்க மாட்டார்கள்.

மச்சான் என்று எழுதிவிட்டேன். பழக்கம் கைக்கு வந்துவிட்டது. அடித்துத் திருத்தப் போவதில்லை, கடிதம் அசிங்கமாகிவிடும்.

என் போன் எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். லாத்தா உங்கள் பேச்சைத் தட்ட மாட்டாள். ரூமானா சொன்னால் வீம்பு வருகிறது. ஆகவே தபால்.

பேச ஆரம்பித்தாயிற்று, முழுவதும் பேசிவிடுகிறேன். விருந்தாளிகளுக்கு என்று நீங்கள் அனுப்பிய பயணக் குறிப்பு ஒரு வாரத்துக்கு முன் என் பார்வைக்கு வந்தது. சென்னையில் யாரோ கல்யாணக் காண்டிராக்டர் தயாரித்த பன்னிரண்டு பக்கம். அதில் நாலு பக்கத்துக்குத் தென்னை மரம். மீதியில், மாலை விருந்துக்கு எல்லோரும் கடற்கரை உடையில் வர வேண்டும் என்று இருக்கிறது. நம் ஜனங்களுக்குக் கடற்கரை உடை என்றால் லுங்கி. எழுதியவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. முப்பத்தெட்டுப் பேர் போகிற பயணத்தில் முப்பது பேர் இதுவரை விமானத்தின் வயிற்றை மட்டும் அண்ணாந்து பார்த்தவர்கள். அவர்களுக்குப் பாஸ்போர்ட் பற்றி ஒரே ஒரு வரி: மறக்காமல் எடுத்து வரவும்.

இந்தச் சண்டைக்கெல்லாம் முன்பு ஒன்பது வருடம் பினாங்கில் கப்பல் கம்பெனியில் காகிதம் பார்த்தவன் ஒருவன் சிதம்பரத்தில், நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, கல்லூரியில் ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டு உயிரோடு இருக்கிறான். அவனை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உங்களுக்கு. மாப்பிள்ளை வீடு சிங்கப்பூர், நம் வீடு கடலூர், அதனால் நடுவில் இருக்கும் பினாங்கு என்று எல்லோரிடமும் சொன்னீர்களாம். வரைபடத்தில் அது எப்படி நடுவாகும் என்று நான் கேட்கவில்லை. ரூமானா அங்கே இருக்கிறாள், நிக்காஹுக்கு அந்த ஊரில் வாங்க வேண்டிய அனுமதியை எல்லாம் அவள் கணவர் உபைதுல்லா அலைந்து வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மிக நல்லது. இந்தக் கல்யாணத்தில் ஒழுங்காக நடந்த முதல் வேலை அது.

வேனைப் பற்றிச் சொல்கிறேன். காலை பதினோரு மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஏறி, மாலை ஐந்து மணி விமானத்தைப் பிடிப்பதாகத் திட்டம். திருச்சிக்கு நாலு மணி நேரம் என்று கூகுள் சொல்லியிருக்கும். கூகுளுக்கு நம் சொந்தக்காரர்களைத் தெரியாது. சிதம்பரத்தில் உங்கள் சின்னம்மா வீட்டு வாசலில், ஐந்தே நிமிடம், துஆ வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று நாலு பேர் இறங்குவார்கள். அந்த ஐந்து நிமிடம் ஒன்றரை மணி நேரம் ஓடும், ஆளுக்கு ஒரு தட்டுப் பணியாரம் உட்பட. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். ஆகவே ஏழரைக்குப் புறப்படுங்கள். ஏழரைக்குப் புறப்பட வேண்டுமானால் எல்லோரிடமும் ஆறரை என்று சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். நமக்கு இருப்பது இனிஷியல். விமானக் கம்பெனிக்கு வேண்டியது குடும்பப் பெயர். அதனால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது; அங்கே எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் பினாங்கில் இருந்த காலத்தில் திட்டக்குடிக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்ப விமான நிலையம் போனார். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். அவர் அப்பா பெயரை ஏழு தடவை கூப்பிட்டார்களாம். "பாவம், யாரோ ஒருத்தரு இன்னும் வந்து சேரல போலருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் வருத்தப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். விமானம் போய்விட்டது. அதனால் நம் ஆட்களுக்கு இப்போதே பழக்குங்கள். நீங்கள் அங்கே மிஸ்டர் அப்துல் காதர். உங்கள் கூட்டாளி தாண்டவராயன், மிஸ்டர் பொன்னுரங்கம். 'எங்கப்பா மவுத்தாகி இருபது வருஷமாச்சு' என்று யாரும் கவுண்டரில் சண்டைக்கு நிற்க வேண்டாம்.

தாண்டவராயன் என்றதும் நினைவு வருகிறது. உங்களுக்கு நாற்பது வருடமாக மீன் போடுகிற தேவனாம்பட்டினத்து மனுஷர் உங்கள் சண்டைக்காக என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. ஆனித் திருமஞ்சனத்துக்கு மனைவி மங்கம்மாவோடு இங்கே வந்தவர் தேர் பார்த்துவிட்டு என் வீட்டுக்கும் வந்தார். "நாசரு, நாப்பது வருசமா கடல்ல போறேன், ஒரு பய எங்கிட்ட பாஸ்போட்டு கேட்டதில்ல. இப்ப ஆகாசத்துல போறதுக்கு இம்மாங் காயிதமா?" என்றார். மங்கம்மா அவரை அதட்டிவிட்டு, "பொண்ணுக்கு ரெண்டு கிலோ வஞ்சிரக் கருவாடு கட்டி வெச்சிருக்கேன் தம்பி, பொட்டியில எங்க வெச்சா வாசன வராது?" என்று என்னைக் கேட்டாள். எங்கே வைத்தாலும் வரும் என்றேன். மீன், இறைச்சி சம்பந்தப்பட்டது எதையும் அனுமதி இல்லாமல் அங்கே கொண்டுபோகக் கூடாது, சுங்கத்தில் எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அபராதமும் விழலாம். இதைச் சொன்னேன். மங்கம்மா நம்பவில்லை. "அவுங்களும் மீன் துன்றவுங்கதானே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். பரங்கிப்பேட்டை அல்வா வேண்டுமானால் கொண்டுபோகட்டும், கட்டிப் பெரிய பெட்டியில் வைத்துவிட வேண்டும். கைப்பையில் ஊறுகாய், நெய், அத்தர் பாட்டில் எதுவும் கூடாது. நூறு மில்லிக்கு மேல் எதுவாக இருந்தாலும் பிடுங்கிக்கொள்வார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் திரும்ப வராது.

பெட்டி பற்றி நான் சொல்லத் தயங்கியிருக்கலாம். தயங்கவில்லை. ஒவ்வொருவரும் பெட்டியின் நாலு சக்கரத்தையும் உருட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் உம்ராவுக்கு என்று வாங்கிப்போன என் பச்சைப் பெட்டி மூன்று சக்கரத்தோடு திரும்பி வந்தது. நாலாவது சக்கரம் எங்கே போயிற்று என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, விருந்தாளியாக வந்திருந்தீர்கள்.

விசா இப்போதைக்கு நமக்குத் தேவையில்லை. அதனால் ஒன்றுமே தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஒவ்வொருவரும் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எல்லாம் போலி. முப்பத்தெட்டுப் பேருக்கும் ஃபர்ஹீனே உட்கார்ந்து நிரப்பட்டும். கல்யாணப் பெண்ணுக்கு அந்த மூன்று நாளில் பதற்றத்தைத் தவிர வேறு வேலை இருக்காது. திரும்பி வரும் டிக்கெட், ஓட்டல் முகவரி இரண்டையும் காகிதத்தில் எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். போனில் இருக்கிறது என்பார்கள், கேட்கும் நேரத்தில் போனில் உயிர் இருக்காது. அங்கே சுவரில் இருப்பது மூன்று சதுரத் துளை. நம் சார்ஜர் உள்ளே போகாது. நகை போட்டுக்கொண்டு போகிற பெண்கள், போகும்போதே திருச்சி சுங்கத்தில் காட்டி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது சொந்த வளையலுக்கே கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

கோலாலம்பூரில் இறங்கியதும் ஓடாதீர்கள். நம் ஆட்களுக்கு விமானம் நின்ற உடனே எழுந்து நிற்கும் வியாதி உண்டு. பண்ருட்டி பஸ்ஸில் சீட்டுப் பிடித்த பழக்கம். அங்கே குடியேற்ற வரிசை நீளமாக இருக்கும். என்ன காரணமாக வந்தீர்கள் என்று கேட்டால், கல்யாணத்துக்கு, ஐந்து நாள் என்று சொன்னால் போதும். மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை, எப்படிச் சம்பந்தம் வந்தது என்றெல்லாம் அந்த அதிகாரி கேட்க மாட்டார். பினாங்கு டிக்கெட் தனியாக எடுத்திருப்பதால் பெட்டிகளை அங்கேயே எடுத்துத் திரும்பப் போட வேண்டும். முனையம் இரண்டு இருக்கிறது, எது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர் அது. நிக்காஹ் பதினோரு மணிக்கு என்றால் நம் வயிற்றுக்கு எட்டரைதான். பதினொன்றுக்கு நிக்காஹ் என்று நீங்கள் போட்டிருப்பதால், நம் ஆட்கள் நிக்காஹ் நேரத்துக்குத்தான் எழுந்து பசியாறுவதற்கு அலைவார்கள். ஓட்டலில் சொல்லி வையுங்கள்.

பினாங்கில் போய்ச் சேர்ந்துவிட்டால் கவலையில்லை. செப்டம்பரில் மழை உண்டு, ஆளுக்கொரு குடை. ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சோற்றுக் கடை எதிலாவது நுழைந்து தமிழில் கேளுங்கள், பதில் தமிழில் வரும், குழம்பு கேட்காமலே வரும். 'எந்த ஊரு?' என்பார்கள். கடலூர் என்றால் உடனே பரங்கிப்பேட்டையில் யாரைத் தெரியும் என்று ஆரம்பிப்பார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். தாண்டவராயனைப் படகுத்துறைக்கு அழைத்துப்போய் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்குப் போகிற படகில் ஏற்றிக் காட்டுங்கள். காகிதம் கேட்காத கடல் அங்கே கொஞ்சம் இருக்கிறது.

லாத்தாவுக்கு நாலு வரி. இன்சுலின் கைப்பையில் இருக்க வேண்டும், கீழே போகிற பெட்டியில் அல்ல. அங்கே குளிரில் உறைந்து கெட்டுவிடும். மருத்துவர் சீட்டை உடன் வைத்துக்கொள்ளட்டும். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், ஒரு மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கட்டும், அவளுக்குக் கால் வீங்கும். விமானம் மேலே ஏறும்போது காது அடைக்கும். அவள் பயந்தால் சொல்ல மாட்டாள், உதட்டைக் கடித்துக்கொள்வாள். அந்த நேரத்தில் ஒரு மிட்டாய் கொடுங்கள்.

இனி ஒன்பது வருடக் கதைக்கு வருகிறேன். சுருக்கமாக.

ரூமானாவுக்கு இந்தச் சிதம்பரத்தில் ஒரு வரன் பேசித் தேதி குறித்தீர்கள். பையன் அவளைப் படிப்பை நிறுத்தச் சொல்கிறான், வேண்டாம் என்று உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நேரடியாகச் சொன்னேன். பத்து நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. பெண்ணுக்கு மூச்சிரைப்பு, மறைக்கிறார்கள் என்று. சின்ன வயதில் அவளுக்கு இழுப்பு இருந்தது வீட்டு ஆட்களுக்குத்தான் தெரியும். கடிதம் கல்லூரிப் பரீட்சைத் தாளில் எழுதியிருந்தது. சிதம்பரம் தபால் முத்திரை. சம்பந்தம் நின்றது. அந்தக் கடிதத்தை நீங்கள் வாங்கிவந்து பள்ளிவாசலில் காட்டினீர்கள், ஐஸ் பாக்டரியில் காட்டினீர்கள், மீன் ஏலக் கூடத்தில் காட்டினீர்கள். "பாருங்க, சொந்த மச்சான் செஞ்ச வேலைய பாருங்க" என்றீர்கள். ஒரு வாரத்தில் கடலூரில் அதைப் படிக்காதவர்கள் குறைவு.

அன்று நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். லாத்தா தலை குனிந்து நின்றாள். நீங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தீர்கள். இதை நீ எழுதினாயா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டிருந்தால் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? திரும்பி நடந்தேன். ஒன்பது வருடம் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். இன்று காலையில் நோட்டைப் புரட்டி லாத்தாவின் பாஸ்போர்ட் தேதியை இன்னொரு முறை பார்த்தேன். எனக்கு வர வேண்டிய கேள்விக்காக அவள் திருச்சியில் நிற்பதா என்று தோன்றியது. ஆகவே கேட்காமலே சொல்கிறேன். நான் எழுதவில்லை மச்சான்.

யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுவேன், முகவரியோடு. ரூமானா படித்து முடித்தாள், உபைதுல்லாவைக் கட்டினாள், மூச்சு இரைக்காமல் பினாங்கு மலை ஏறி எனக்குப் போட்டோ அனுப்புகிறாள்.

அவள் அனுப்பிய இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. ஓட்டல் அறைப் பட்டியல். எனக்கு எண்ணிப் பார்க்கும் புத்தி. பேர் முப்பத்தேழுதான் இருந்தது, ஆள் முப்பத்தெட்டு என்று போட்டிருந்தது. கடைசி வரியில், அறை 214, ஒருவர், பெயர் இல்லை. இது யாருக்கு என்று ரூமானாவைக் கேட்டேன். "உம்மா போடச் சொன்னாங்க மாமா. பேரு கேக்காதீங்க, எனக்கும் சொல்லல. வாப்பாவும் பாத்துட்டு அந்த வரிய அடிக்காம விட்டுட்டாங்க" என்றாள்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூரத்துச் சொந்தத்துக்குப் பத்திரிகை தபாலில் போகலாம், இப்போது போனிலும் போகலாம். பெண்ணின் தாய்மாமனை மட்டும் பெற்றவர்கள் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வந்துதான் கூப்பிட வேண்டும். கூப்பிடாத இடத்துக்கு நான் வர மாட்டேன், அது 214 ஆனாலும் சரி. பாஸ்போர்ட் வேலையாக நீங்கள் இந்த வாரம் அலைய வேண்டியிருக்கும், தெரியும். சிதம்பரம் கடலூரிலிருந்து ஒரு மணி நேரம்தான். நான் மூன்றரைக்கெல்லாம் கல்லூரியிலிருந்து வந்துவிடுவேன். என் பாஸ்போர்ட் 2031 வரை செல்லும். பச்சைப் பெட்டிக்கு நேற்று மேல வீதியில் நாலாவது சக்கரம் போட்டேன். நிறம் சரியாகப் பொருந்தவில்லை, ஆனால் ஓடுகிறது. சும்மா தகவலுக்காக எழுதினேன்.

ஃபர்ஹீனுக்கும் மாப்பிள்ளைக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், ஒருவரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குணத்தையும் கொடுக்கட்டும். லாத்தா அவளுடைய மகளின் பக்கத்தில் நிற்கட்டும். ஆமீன். வஸ்ஸலாம்.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். கையெழுத்துப் போட்டால், நீங்கள் மட்டும் படித்துவிட்டு மடித்து பீரோவில் வைப்பீர்கள். மொட்டைக் கடிதம் என்றால் அப்படி இல்லை. பள்ளிவாசலில் காட்டுவீர்கள், ஐஸ் பாக்டரியில் காட்டுவீர்கள், ஏலக் கூடத்தில் காட்டுவீர்கள். ஒரு வாரத்தில் முப்பத்தேழு பேரும் படித்துவிடுவார்கள். மங்கம்மா கருவாட்டை வீட்டிலேயே வைப்பாள், தாண்டவராயன் தன் அப்பா பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார், எல்லோரும் ஆறரைக்கு மைதானத்துக்கு வருவார்கள். உங்கள் சென்னைக் காண்டிராக்டரின் பன்னிரண்டு பக்கத்தால் முடியாததை இது செய்துவிடும்.

அந்தப் பழைய கடிதத்தை நீங்கள் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்றும் எனக்குத் தெரியும். அதை எடுத்து இதற்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் லாத்தாவிடம் கொடுங்கள். எனக்கு எழுதப் பழக்கியவள் அவள். எது என் கை என்று அவள் சொல்வாள்.

அதே பரீட்சைத் தாளில்தான் எழுதியிருக்கிறேன், வேறு தாள் வீட்டில் இல்லை. விரைவுத் தபாலில் அனுப்புநர் பெயர் கேட்பார்கள், அதனால் சாதாரணத் தபால்தான். நாளை மறுநாள் கிடைத்துவிடும். சிதம்பரம் முத்திரையும் விழும். வாழ்க்கையில் நான் எழுதும் முதல் மொட்டைக் கடிதம் இது. கையெழுத்துப் போடாமல் உறையில் வைத்து ஒட்டி, இப்போதே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போடுகிறேன்.